செனாடா கையில் என் கயிறு

பொறாமைக்காரி என்று என்னைச் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உள்ளதைத்தானே சொல்கிறீர்கள். எனக்குச் செனாடா மேல் பொறாமை. அவள் வீட்டைப் பார்த்தோ, காரைப் பார்த்தோ, இன்னமும் நரைக்காத தலைமுடியைப் பார்த்தோ இல்லை. இந்த நாட்டின் மேல் அவளுக்கு இருக்கிற பிரியத்தைப் பார்த்து. கேட்கவே அசிங்கமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அசிங்கமாகத்தான் இருந்தது, பன்னிரண்டு வருஷமாக.

நான் வெர்னா ஹின்ரிக்ஸ். அயோவாவில் லிண்டன் ஃபோர்க் என்கிற இந்தச் சின்ன ஊரில் பிறந்தேன். இங்கேயே படித்து, மூன்று தெரு தள்ளி இருந்த ஆர்லோவைக் கட்டிக்கொண்டு, இதோ அறுபத்தொரு வயசாகிறது. என் கொள்ளுத்தாத்தா சோளம் போட்ட நிலத்தில் இன்றைக்கும் எங்கள் சோளம்தான் நிற்கிறது. செனாடா 1994 டிசம்பரில் வந்தவள். அவர்கள் நாடு உடைந்து, பாஸ்னியாவில் அப்போது சண்டை. புருஷன் ஃபிக்ரத்தோடும் ஒரே ஒரு பையோடும் வந்து இறங்கினாள். எங்கள் சர்ச்சுதான் அவர்களைக் கூப்பிட்டு, ஒரு வாடகை வீடு பார்த்து வைத்தது.

முதல் நாள் சாப்பாடு கொண்டுபோனது நான். பன்றி இறைச்சியும் நூடுல்ஸும் போட்டு, மேலே சீஸ் தூவி, கண்ணாடிப் பாத்திரம் நிறையச் சுட்டு எடுத்துப் போனேன். வந்திருப்பவர்கள் முஸ்லிம்கள், பன்றியைத் தொடமாட்டார்கள் என்று எங்களில் ஒருத்திக்காவது மூளையில் உறைத்ததா? இல்லை. செனாடா அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்யூ, மிஸஸ் வெர்னா" என்றாள். மூன்றாம் நாள் பாத்திரம் பளபளவென்று திரும்பி வந்தது. உள்ளே மாவைக் காகிதமாக இழுத்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிச் சுட்ட பிட்டா. ஆர்லோ ஒரே மூச்சில் நாலு துண்டு தின்றுவிட்டு, "இன்னொரு தடவை பன்னிக்கறி குடுத்துப் பாரு வெர்னா, வேற என்ன வருதுன்னு பாப்போம்" என்றான். அந்தக் கிண்டலை இன்னும் விடவில்லை.

அந்த நாளில் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பழைய கோட்டு கொடுத்தேன், பனியில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறவரை என் மனசு தங்கமான மனசு!

அவள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. நாலு வருஷம் வான்கோழி வெட்டும் ஆலையில் நின்றாள். குளிரில் விரல் மரத்துப்போய், காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பாள். பிறகு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்கு மாறினாள். குடியுரிமைப் பரீட்சைக்கான நூறு கேள்விகளையும் தாளில் எழுதி, தையல் மெஷினுக்கு மேலே ஊசியால் குத்தி வைத்திருந்தாள். அவளுடைய தம்பி அங்கே சண்டையில் செத்துப்போனான். அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஒரே ஒரு தடவை, பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நான் ஸ்கூல்ல தினமும் ஒரு தேசிய கீதம் பாடினேன், மிஸஸ் வெர்னா. இப்ப பாட்டு ஞாபகம் இருக்கு, நாடுதான் இல்லை" என்றாள். நான் அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்தில் அவள் குடிமகள் ஆனாள். சர்ச் வேனில் எட்டுப் பேர் டெமாய்ன் நீதிமன்றத்துக்குப் போனோம். நாற்பது பேர் வலது கையைத் தூக்கிக்கொண்டு உறுதிமொழி எடுத்தார்கள். செனாடா மூன்றாவது வரிசை. இரண்டாவது வரியிலேயே அவளுக்குக் குரல் உடைந்தது. தேம்பித் தேம்பி அழுகிறாள், ஆனால் ஒரு வார்த்தையை விடவில்லை. நான் வாயில் சூயிங்கம் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பிடித்தது எனக்கு இந்தப் பொறாமை. நாற்பத்தொன்பது வருஷம் இந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறேன், ஒரு நாளாவது இதை நினைத்து அழுதேனா? அழக் காரணம் இருந்ததா? யாராவது என்னைப் பார்த்து "வேணுமா" என்று கேட்டார்களா? பிறந்தேன், கிடைத்தது, அவ்வளவுதான். இவள் என்னவோ தேடிப்பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவள் மாதிரி நிற்கிறாள். நான் யாரோ நிச்சயம் பண்ணிவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் சர்ச் கூடத்தில் கேக். மேலே சிவப்பு வெள்ளை நீலத்தில் கொடி. ஊரே கைதட்டுகிறது. நான் குடிமகளாக இருப்பதற்கு யார் கேக் வெட்டினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்!

அதற்கப்புறம் அவள் வீட்டு வாசலில் ஒரு கொடி. விடிந்தால் ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும். மழை ஒரு சொட்டு விழட்டும், மாவுக் கையோடு ஓடிவருவாள். என் வீட்டுக் கொடி வெயிலோ பனியோ அப்படியே தொங்கும். ஓரம் கிழிந்து நாராகத் தொங்கியபோது அவள் வந்து, "மிஸஸ் வெர்னா, நான் தச்சுத் தரட்டுமா?" என்றாள். எதிர்வீட்டுக்காரி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். தையல் எங்கே என்று மூக்குக் கண்ணாடி போட்டுத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கும் வயிறு எரிந்தது.

ஆனால் ஒன்று மட்டும் என்னுடையது. கல்லறைத் தோட்டத்துக் கொடிக்கம்பம்.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள். காலையில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், செத்தவர்களுக்காக. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு ஏறும், இருக்கிறவர்களுக்காக. அந்தக் கயிறு என் அப்பா கையில் இருந்தது. அவர் போருக்குப் போய் வந்தவர். அவருக்கு முடியாமல் போனபின் இருபத்திரண்டு வருஷமாக என் கையில். செனாடா கூட்டத்தில் முன்வரிசையில், நெஞ்சில் கை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நான் மேலே, அவள் கீழே. எனக்கு அது போதும்.

இந்த வருஷம் ஏப்ரலில் அதற்கும் வந்தது வேட்டு. விழாக் குழுத் தலைவர் டுவைன் பெக்கர் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பைத் தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"வெர்னா, இந்த வருஷம் கொடியை செனாடா ஏத்தட்டுமேன்னு எல்லாரும் நினைக்கிறோம்."

"எல்லாரும்னா யாரு?"

"குழுதான். இந்த நாடு வேணும்னு விரும்பி வந்தவ. அவ கையால ஏத்தினா நல்லா இருக்கும்ல?"

"அப்ப நான் வேண்டா வெறுப்பா இருக்கேன்ங்கிறீங்களா?"

"ஐயோ, அப்படி யார் சொன்னா?"

"தட்டைக் குடுங்க" என்று பாதி இனிப்போடு தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பாவம், கரண்டி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

அவர் போனபின் ஆர்லோவிடம் குமுறினேன். "பிறந்தது தப்பாய்யா? வெளியே போய்ட்டு வரிசையில நின்னு உள்ளே வந்தாத்தான் மதிப்பா?"

ஆர்லோ பேப்பரை இறக்காமலே, "நீயும் வேணா கனடா பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வா. நான் கேக் வெட்டுறேன்" என்றான்.

"உன்னை வெட்டணும்."

"அதுவும் சரிதான்."

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, செனாடா என் வாசலுக்கு வந்தாள். கையில் கொடி விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "மிஸஸ் வெர்னா, கொடி ஏத்துறதைப் பத்தி ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

நான் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். "இத்தனை வருஷமா நான் செய்யறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கே? நான் எப்படிச் செய்றேனோ அப்படிச் செய். அதுல கேக்க என்ன இருக்கு?"

"அப்ப நீங்க செய்ற மாதிரியே செய்யலாமா?"

"வேற எப்படிச் செய்வாங்களாம்?"

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, கயிறு சிக்கட்டும், கப்பி மாட்டிக்கொள்ளட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். இதையெல்லாம் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். செய்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

திங்கட்கிழமை பத்து மணி. கல்லறைத் தோட்டத்தில் இருநூறு பேர், மடக்கு நாற்காலிகள், பள்ளிக்கூட பேண்டு. பேச வந்திருந்தவர் மேஜர் ஸ்ப்ராக் என்கிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர், வெளியூர். மார்பு நிறையப் பதக்கம். செனாடா நீலச் சட்டை போட்டிருந்தாள், இஸ்திரி மடிப்பு விரலை அறுக்கும் போலிருந்தது. கயிற்றை அவிழ்த்தாள். சிக்கவில்லை. கப்பி மாட்டிக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் க்ரீச் க்ரீச்சென்று சண்டித்தனம் பண்ணும் சனியன் பிடித்த கப்பி, அவளுக்கு வெண்ணெயாக ஓடியது. கொடி நேராகப் பாதிவரை ஏறியது, நின்றது. கட்டினாள். நெஞ்சில் கை வைத்தாள்.

அழகாகத்தான் செய்தாள். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

மேஜர் மைக்கைப் பிடித்தார். "ஒரு நிமிஷம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் திருத்தம். அரைக்கம்பம்னா நேரா பாதிக்கு ஏத்தக்கூடாது. முதல்ல உச்சிக்கு ஏத்தி, அப்புறம்தான் பாதிக்கு இறக்கணும். இந்த நாட்டுல எங்க வழக்கம் அது." செனாடா பக்கம் திரும்பி, நல்ல மனுஷர் மாதிரியே சிரித்தார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அரை நொடி எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அடியம்மா, மாட்டினாயா, படித்துப் படித்துக் கடைசியில் இதில் கோட்டை விட்டாயா என்று இருந்தது. அடுத்த அரை நொடியில் ஒரு கேள்வி வந்தது. நேராகப் பாதிக்கு ஏற்றுவது யார் வழக்கம்? என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் ஏற்றியிருக்கிறேன். அப்பாவும் அப்படித்தானே செய்தார் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் கூட நின்று பார்த்ததெல்லாம் அவருடைய கடைசி நாலைந்து வருஷம். தோள்பட்டை போய்விட்டிருந்தது. கொடி பாதி ஏறும்போதே மூச்சு வாங்கும், அங்கேயே கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய தோள்வலியை நான் நாட்டின் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஆர்லோ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். எதிரே டுவைன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோயிருக்கும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

செனாடாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "மன்னிச்சுக்குங்க சார். என் தப்பு" என்றாள். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து, கொடியை உச்சிக்கு ஏற்றி, திரும்பப் பாதிக்கு இறக்கிக் கட்டினாள். இரண்டு தடவை முடிச்சு நழுவியது. தார்ப்பாய் தைக்கிற அந்தக் கைக்கு முடிச்சு நழுவி நான் பார்த்ததே இல்லை.

பேச்சு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வரவேண்டும். பக்கத்துச் சர்ச் கூடத்தில் ஒரு சாண்ட்விச்சைக் கையில் எடுத்தேன், திரும்பத் தட்டிலேயே வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பத்தடியில் செனாடா மட்டும் தனியாக நிற்கிறாள். ஃபிக்ரத் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையாம். நான் நடந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சேதானே?"

"படிச்சேன்."

"அதுல உச்சிக்கு ஏத்தி இறக்கணும்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பதினோராம் பக்கம்."

"அப்புறம் ஏண்டி அப்படிச் செஞ்சே?"

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வருஷா வருஷம் நேரா பாதிக்குத்தான் ஏத்துவீங்க. நான் புத்தகம்தான் தப்புன்னு நினைச்சேன், மிஸஸ் வெர்னா. இங்கேயே பிறந்தவங்களுக்குத் தெரியாததா அச்சடிச்சவனுக்குத் தெரியும்? அப்புறம் சந்தேகம் வந்துது. அதான் சனிக்கிழமை கேக்க வந்தேன்."

பாதி திறந்த என் கதவு கண்முன்னால் வந்து நின்றது.

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல, மைக்ல? வெர்னாகிட்ட கத்துக்கிட்டேன்னு?"

"சொல்லி? உங்களை எல்லாரும் பார்ப்பாங்க."

"உன்னைப் பார்த்தாங்களே!"

"என்னை எப்பவும் பார்க்கறாங்க." அவள் சிரித்தாள், கொஞ்சம்தான். "உங்க மேல எனக்கு ரொம்பப் பொறாமை, தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் மேலயா? எதுக்கு?"

"நீங்க கொடி ஏத்தும்போது கம்பத்தைப் பார்க்கவே மாட்டீங்க. மழை வருமா வராதான்னு டுவைன்கிட்ட பேசிக்கிட்டே இழுப்பீங்க. ஒரு வருஷம் தும்மினீங்க, கயிறு கையை விட்டுப் போயி கொடி சர்ருனு இறங்கிடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் ஃபிக்ரத்கிட்ட சொன்னேன், எனக்கும் அந்த மாதிரி ஒரு நாள் வேணும்னு."

"எந்த மாதிரி?"

"தப்புப் பண்ணிட்டுச் சிரிக்கிற மாதிரி. நீங்க எத்தனை தப்புப் பண்ணினாலும் நீங்க வெர்னாதான். நான் ஒரு தையல் விட்டாக்கூட எந்த ஊருன்னு கேப்பாங்க. அதனாலதான் பொழுது சாயறதுக்குள்ள கொடியை இறக்கிடறேன், மழைன்னா ஓடி வர்றேன். எல்லாம் பிரியம்னு நினைக்கிறாங்க. பிரியம்தான். பாதி பயம்."

பன்னிரண்டு வருஷமாக நான் எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அதில் பாதி பயமாம்! எனக்கு அழுகை வந்தது. இந்த நாட்டை நினைத்து நான் அழுத முதல் அழுகை அதுதான் என்று நினைக்கிறேன். பெருமையில் வந்ததில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜனம் திரும்பி வந்தது. மேஜர் மைக்குக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். நான் நேராகப் போய் மைக்கை என் பக்கம் இழுத்தேன். டுவைன் "வெர்னா, வெர்னா" என்று கிசுகிசுத்தார். ஆர்லோ மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான், நாடகம் பார்க்க வந்தவன் மாதிரி.

"சார், காலையில நீங்க திருத்தின தப்பு அவளுதில்லை. என்னுது. நேரா பாதிக்கு ஏத்தறதை அவளுக்குக் காட்டிக் குடுத்தது நான்தான். இருபத்திரண்டு வருஷமா இதே இடத்துல இத்தனை பேர் முன்னாடி அப்படித்தான் ஏத்தினேன். ஒருத்தர் கேக்கலை." செருமிக்கொண்டேன். "அவகிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே. தப்பு என்னுதுன்னா அதை என்கிட்டத்தானே கேக்கணும்? கேளுங்க. என்னை எந்த ஊருன்னு கேளுங்க."

மேஜர் சிரிக்கப் பார்த்தார். "அம்மா, நான் தப்பா ஒண்ணும்..."

"தப்பாக் கேட்டீங்கன்னு சொல்லலை. அதே மாதிரி என்னையும் கேளுங்கன்னுதான் சொல்றேன்."

இருநூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். என் முகத்தைப் பார்த்தார், என் பூப்போட்ட சட்டையைப் பார்த்தார், டுவைனைப் பார்த்தார். கழுத்துவரை சிவந்துபோனது. நான் மைக்கை விடாமல் காத்திருந்தேன். மனுஷர் கெட்டவர் இல்லை. ஒரே ஒரு வாக்கியம், காலையில் அவ்வளவு சுலபமாக வந்தது, இப்போது எவ்வளவு முயன்றும் அவர் வாயில் வரவில்லை.

சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. செனாடா கயிற்றை அவிழ்த்தாள். கொடி பாதியிலிருந்து உச்சிக்கு ஏறியது, கப்பி ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு இப்போதும் பொறாமைதான். மேஜர் கடைசிவரை என்னைக் கேட்கவில்லை.